பல்லா, சதையா

குழந்தைகளின் வாயைத் திறக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அழவிட்டால் தானே திறக்கும். மூடவிடாமல் வைத்திருப்பதில்தான் பிராணன் போகும். கொடைக்கானலில் அதற்கு மேல் ஒரு தொல்லை உண்டு. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டதுமே அதில் ஆவி படிந்துவிடும். ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கி, சூடு அதிகமோ என்று என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி உள்ளே விடுவதற்குள் பிள்ளை என் விரலைக் கடித்திருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல் டாக்டராக நான் சேர்ந்த புதிதில், என் வலது ஆள்காட்டி விரலில் யாராவது ஒரு பிள்ளையின் பல் தடம் இல்லாத நாளே கிடையாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் அம்மா சொல்வாள். விரல் நுனியில் என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

பல் பிடுங்குவது எனக்குச் சீக்கிரமே அலுத்துப்போயிற்று. எனக்குப் பிடித்தது கட்டிகள். பிள்ளைகளின் வாய்க்குள் வரும் விதவிதமான கட்டி, கொப்புளம், வீக்கம் எல்லாவற்றையும் ஆசை ஆசையாகப் பார்ப்பேன். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அநேகமாக ஒன்றும் செய்யாது. விடுதியில் தங்கிப் படிக்கிற பையன்கள் குளிரில் வெடித்த கீழுதட்டைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள். எச்சில் வரும் குழாய் அடைபட்டு அங்கே ஒரு நீர்க்கொப்புளம் வரும். அதற்கு அவர்கள் வாழ்க்கையே முடிந்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

பேத்துப்பாறையிலிருந்து ஒரு தாய், வாத்தியார் அடித்ததில் மகனுக்கு ஈறு கன்றிப்போயிற்று என்று அந்த வாத்தியாரையே கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் ஈறில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு வீக்கம். புதுப் பல் வெளியே வரும்போது அதன் மேல் கொஞ்சம் நீரும் ரத்தமும் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தானாக உடையும், தொட வேண்டாம் என்றேன். வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தத் தாய்க்குத்தான் ஏமாற்றம். "ஒண்ணுஞ் செய்யாம அனுப்புறதுக்கு ஒரு டாக்டரா" என்று வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

இப்படி எத்தனையோ பார்த்தேன். ஒரே ஒரு வகையை மட்டும் என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். அது தீங்கில்லாத கட்டிதான். அந்தக் குழந்தையும் வாயாடியாக வளர்ந்து பெரியவளானாள். ஆனால் அந்தக் கட்டியால், ஓர் அண்ணன் தன் தங்கை பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று இருந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு காலையில் வில்பட்டியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பிள்ளை பெற்று இன்னும் வாரம்கூட ஆகாதவள். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மெல்ல அடியெடுத்து வைத்து வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தவள் அவளுடைய மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி. நெடுநெடுவென்று உயரம், இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டரம்மா, புள்ள பல்லோட பொறந்திருக்கு. வெரசாப் பிடுங்கி விட்ருங்க."

துணியை விலக்கிப் பார்த்தேன். நல்ல அழகான பெண் குழந்தை. மேல் ஈறில், முன்பக்கம், இளஞ்சிவப்பாக ஒரு கட்டி, பெரிய திராட்சைப்பழம் அளவில், காம்போடு தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை வாயை மூடினால்கூட அது உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். படிக்கிற காலத்தில் தடிப் புத்தகத்தில் ஒரு மூலையில், ஒரு பத்தியில் வாசித்தது இது. பிறக்கும்போதே ஈறில் வரும் கட்டி, பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் மேல் ஈறில். எபுலிஸ் என்று பெயர். எங்கள் பேராசிரியரே பார்த்ததில்லை என்று சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அதை முகத்தில் காட்டாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

"இது பல் இல்லம்மா. சதை" என்றேன்.

"மேல் ஈறுங்க. முன்பக்கங்க. பல்லு இல்லாம பெறகு என்ன? மேல தோலு மூடிக்கெடக்கு, அவ்வளவுதான்" என்றாள் மதினி.

"பல்லுன்னா கெட்டியா இருக்கும். இது எப்படி அசையுது பாருங்க."

"கெட்டியாத்தாங்க கெடக்கு. வெள்ளிப் பாலாடையால தட்டிப் பார்த்துட்டுத்தானே வந்திருக்கேன். ணங்குன்னுச்சு."

பிள்ளைக்குப் பல் முளைக்கிறதா என்று பார்க்க ஈறில் டம்ளராலோ பால் புகட்டும் பாலாடையாலோ மெல்லத் தட்டி, சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் சதையில் எப்படி ணங்கென்று சத்தம் வரும்? எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. எங்கே, எப்படித் தட்டினீர்கள், காட்டுங்கள் என்றேன். மடியிலிருந்து பாலாடையை எடுத்தாள், கையோடு கொண்டுவந்திருந்தாள், மகராசி. குழந்தையின் வாயருகே கொண்டுபோய்ச் சுண்டினாள். ணங். முழங்கையிலிருந்து சரிந்து வந்த கண்ணாடி வளையல் பாலாடையின் விளிம்பில் இடித்த சத்தம் அது. பாலாடை கட்டியைத் தொடவே இல்லை.

வளையலை மேலே தள்ளிவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். சத்தமே இல்லை. அதுவரை தலையைக் குனிந்தபடி இருந்த குழந்தையின் தாய் அந்தக் கம்பளிக்குள்ளிருந்து களுக்கென்று சிரித்துவிட்டாள். மதினி அவளை ஒரு முறை முறைத்தாள்.

"சிரிடி, நல்லாச் சிரி. தாலி உன் கழுத்துலயா கெடக்கு, ஏங் கழுத்துலல்ல கெடக்கு."

அப்போதுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. பல்லோடு பிறந்த பிள்ளை, அதுவும் மேல் பல்லோடு பிறந்த பிள்ளை, தாய்மாமனுக்கு ஆகாது. இந்தக் குழந்தைக்கு மாமன் ஒருவர்தான். அவர் மதுரை போகும் பஸ்ஸில் டிரைவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையை அவர்தான் வளர்த்தார், அவர்தான் வில்பட்டியில் நல்ல காய்கறித் தோட்டக்காரராகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். பிரசவத்துக்கு அவரே வண்டி பிடித்து, மூஞ்சிக்கல் வீட்டிலிருந்து தன் பெண்டாட்டியை வில்பட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பிள்ளைக்கு வாயில் பல் என்று தகவல் போனதும் ஆள் வில்பட்டிப் பக்கமே தலைகாட்டவில்லை.

"முதல் முடிய பழனியில எடுக்கணும், எங்கண்ணன் மடியில வச்சு எடுக்கணும்னு மாசமா இருக்கையிலேயே வேண்டிக்கிட்டேங்க" என்றாள் தாய். அதுவரை சிரித்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "மொட்டை எடுக்கிறது இருக்கட்டும். மொகத்தக்கூடப் பார்க்க வரலைங்க. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மலைப்பாதையில பஸ் ஓட்டுற ஆம்பளை, ஒரு பச்சப் புள்ளயப் பார்க்கப் பயப்படுறாரா?" என்று மதினியிடம் கேட்டுவிட்டேன்.

"மலைப்பாதையில ஓட்டுறதாலதாங்க பயம்" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு வளைவுலயும் எத்தனை உசுரு அவர் கையில இருக்கு. புள்ளயப் பார்த்துட்டுப் போயி வண்டியில உக்காந்தா, அந்த நெனப்புலயே கை நடுங்கிரும்ங்க. நீங்க படிச்சவுங்க. நம்பாம இருந்துருவீங்க. எங்களால முடியலையே."

மாமன் பிள்ளையின் முகத்தை முதலில் எண்ணெயில் பார்த்தால் தோஷம் போகும் என்பார்களே, அதையாவது செய்யக் கூடாதா என்று கேட்டேன். சமாதானமாகப் போகலாம் என்றுதான் கேட்டேன். என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அது கொடி சுத்திப் பொறந்த புள்ளைக்குங்க. பல்லுக்கு ஏது அதெல்லாம்?" அவளுக்குத் தன் துறையில் இருந்த தெளிவு எனக்கு என் துறையில் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

மாமன் பாடு எப்படியோ போகட்டும், குழந்தைக்கு இருந்த பாடு வேறு. கட்டி மறித்துக்கொண்டு நின்றதால் தாயின் முலைக்காம்பைப் பிடித்துச் சப்ப முடியவில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டினால் பாதி கடைவாய் வழியாக வெளியே வந்தது. இந்தக் கட்டி சில பிள்ளைகளுக்குத் தானே சுருங்கிவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. வாத்தியாரை இழுத்து வந்த தாயிடம் சொன்னது மாதிரி, தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆனால் குழந்தையின் கன்னம் வற்றத் தொடங்கியிருந்தது. குளிர் வேறு. எங்கள் பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வாய்க்குள்ள இருக்கிறதெல்லாம் உங்க ராஜ்யம். நான் பக்கத்தில நிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். கத்தி என் கைக்கு வந்துவிட்டது.

ரத்தம் உறைவதற்கு ஊசி போட்டு ஒரு நாள் பொறுத்து, மறுநாள் எடுத்தேன். கேட்கிறவர்களுக்குப் பெரிய ஆபரேஷன். செய்தவளுக்குச் சின்ன வேலை. மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து, காம்பில் பட்டு நூலால் ஒரு இறுக்கமான முடிச்சு, அதற்கு மேல் ஒரு வெட்டு. நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது, கொஞ்சம் ரத்தம் வந்தது, பஞ்சை வைத்து அழுத்தியதும் நின்றது. அன்று சாயங்காலமே அது தாயிடம் வாய் வைத்து முட்டி முட்டிக் குடித்தது. நானும் நர்ஸும் ஏதோ நாங்களே பெற்ற மாதிரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை சந்தோஷம் எனக்கு.

மதினிக்கு மட்டும் திருப்தி இல்லை. கட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். எனாமல் தட்டில் வைத்துக் காட்டினேன். உள்ளே பல் இருந்தால் என்றாள். சரி, எப்படியும் வெட்டிப் பார்க்க வேண்டியதுதானே என்று பிளேடால் அவள் கண் முன்னாலேயே இரண்டாகப் பிளந்தேன். உள்ளே வெளிறிய சதை, அவ்வளவுதான். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக்கொண்டு குத்திப் பார்க்க வந்தாள். நான் போட்ட அதட்டலில் அதை மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"சதைதான்" என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "வேரு உள்ள இருந்தாலும் இருக்கும். கீழ்ப்பல்லு மொதல்ல மொளைக்கட்டும். பெறகு அவரு வந்து பார்க்கட்டும்" என்றாள். கீழ்ப்பல் முந்திக்கொண்டால் மாமனுக்குத் தோஷமில்லை என்பது கணக்கு; அது முளைக்க ஆறேழு மாதம் ஆகும். தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பல் இல்லை என்றதில் அந்தக் குடும்பத்துக்குப் பாதி நிம்மதி. எனக்கு அந்த நிம்மதியும் இல்லை. ஏனென்றால் அவர்கள் கேட்ட கேள்வி பல்லா சதையா என்பது. என் கேள்வி, சதை என்றால் என்ன சதை என்பது. நல்லதாகத்தான் தோன்றியது. வழவழப்பு, காம்பு, இருந்த இடம், எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. ஆனால் நான் அதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் நல்லது என்று எப்படி அடித்துச் சொல்வது? பச்சைக் குழந்தைகளுக்கும் கெட்ட கட்டி வருவதுண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்து மதுரையில் சொன்னால்தான் உண்டு. இதைத் தாயிடம் நான் சொல்லவில்லை. பால் வற்றிவிடும் என்று பயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்குச் சளி, ரத்தம், சதை எது போனாலும் பஸ்ஸில்தான் போகும். மருந்து ஊற்றிய புட்டியைப் பஞ்சு சுற்றி, தகர டப்பாவில் வைத்து, ஒரு துணிப்பையில் கட்டிவிடுவோம். காலை பஸ் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். ஆள் ஓடிப்போய் டிரைவரிடம் கொடுப்பான். டிரைவர் தன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்வார். பயணிகளின் கையில் கொடுப்பதில்லை, திறந்து பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிப் பை என்று அதற்குப் பெயர். அதில் என்ன என்று எந்த டிரைவரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை ஹாரன் சத்தம் கேட்டதும் பையை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டி வந்தது யார் என்று எனக்குத் தெரியும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

காக்கிச் சட்டைக்கு மேல் மஃப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர். கண்ணெல்லாம் தங்கை ஜாடை. வணக்கம் சொல்லிக் கையை நீட்டினார்.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா?" என்றேன்.

"ஆஸ்பத்திரிப் பைதானேங்க."

"உங்க தங்கச்சி புள்ள வாயிலேருந்து எடுத்தது."

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு அதை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். "பல்லு இல்ல, வெறுஞ் சதைன்னு வீட்டுல சொன்னாளேங்க. நீங்களே வெட்டிக் காட்டுனீங்களாமே."

"பல்லு இல்லதான்."

"பெறகு எதுக்குங்க மதுரைக்கு?"

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பஸ்ஸுக்குள் கோழிக்கூடையும் பூண்டு மூட்டையுமாக ஜனம் உட்கார்ந்திருந்தது. நான் ஜன்னலோரம் நெருங்கி நின்று குரலைத் தாழ்த்தினேன். சதையிலும் நல்லது கெட்டது இருக்கிறது, எனக்கு நல்லதாகத்தான் தோன்றுகிறது, இருந்தாலும் அங்கே பார்த்துச் சொல்லும்வரை நிச்சயமில்லை என்றேன்.

அவர் முன்கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்தார். "கெட்டதுன்னா யாருக்குங்க ஆகாது? எனக்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. புள்ளைக்குத்தான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னைப் பார்க்காமல், ஏதோ கடையில் சாமான் மாற்றிக் கேட்கிறவரைப் போல மெல்லச் சொன்னார்.

"அப்படின்னா அது பல்லாவே இருந்திருக்கலாமேங்க."

சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார். "கல்லு வையிடா" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பது மலையில் வழக்கம். கல் வைக்கும்வரைகூட நிற்காமல் அவர் வார்டுக்குள் போய்விட்டார். நான் பையோடு பின்னாலேயே ஓடினேன்.

மதினி பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். புருஷனைக் கண்டதும் எழுந்து கட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள். "இங்க என்ன சோலி உங்களுக்கு? வண்டி என்னாச்சு?"

"நீ தள்ளிக்க."

"இருங்க, எண்ணெயாவது கொண்டாரேன். அதுல பாருங்க."

"எண்ணெயும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் குழந்தையைத் தூக்கினார். பஸ்ஸின் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியது. தாய் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே" என்றாள். குழந்தை விழித்து ஒரு கொட்டாவி விட்டது. மேல் ஈறில் நான் வெட்டிய இடம் சின்னதாகச் சிவந்து தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயமில்லையாண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"பயந்தான் ஆத்தா" என்றார். "அது கெடக்கட்டும்."

யாருக்காகப் பயம் என்று அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தங்கையிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மதினி அவருடைய காக்கிச் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே பயணிகளில் யாரோ ஹாரனை அமுக்கினார்கள். அவர் குழந்தையைத் தங்கையின் மடியில் விட்டுவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அதைக் கொக்கியில் மாட்டவில்லை. மஃப்ளரால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.